இயந்திரம் காது கொடுக்குமா?

ஜாஸ் கலைஞர்களோடு இயந்திரம் கூட்டுச் சேர்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதிவிடுகிறார்கள். முதலில் டேப் ரெக்கார்டர், பிறகு மோக் சிந்தசைசர், அதன்பின் சாம்ப்ளர், லேப்டாப், இப்போது செயற்கை நுண்ணறிவு என்று வரிசை போகும். வரிசையில் பிழையில்லை. ஆனால் ஜாஸின் உயிர்நாடி மனோதர்மம். மேடையில் ஒருவர் வாசித்ததைக் காதில் வாங்கிய அடுத்த நொடியில் இன்னொருவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அந்தக் கலையின் சாரம் முழுதும் இருக்கிறது. அந்த இடத்துக்குள் ஓர் இயந்திரம் நுழைந்தால் அது காது கொடுக்கிறதா? கொடுக்காவிட்டால் உடன் வாசிக்கிறவர் பாடு என்ன? எனக்கு முக்கியமாகப் படுகிற கேள்வி இதுதான். இதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பெரிய பெயர்கள் சில சற்றுச் சிறுத்துப்போகின்றன, அதிகம் பேசப்படாத சிலர் முன்வரிசைக்கு வருகிறார்கள்.

1963இல் பாரிஸில் ‘தி கிஃப்ட்’ என்ற நாடகத்துக்கு இசை சேர்க்கும் வேலை டெரி ரைலி என்ற இளம் அமெரிக்கருக்குக் கிடைத்தது. நாடகத்தில் ட்ரம்பெட் கலைஞர் செட் பேக்கரின் குழுவும் இருந்தது. மைல்ஸ் டேவிஸின் ‘சோ வாட்’ உருப்படியை அவர்களை வாசிக்கச் சொல்லி ரைலி பதிவு செய்துகொண்டார். பிறகு பிரெஞ்சு வானொலியின் பொறியாளரிடம், விட்டுவிட்டு எதிரொலிக்கும்படி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். பொறியாளர் இரண்டு டேப் ரெக்கார்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நாடாவை இரண்டிலும் ஓடவிட்டார். முதல் எந்திரம் பதிவு செய்வதைச் சில நொடிகள் கழித்து இரண்டாவது ஒலிக்கும். அந்த ஒலி மறுபடி முதல் எந்திரத்துக்குப் போய்ப் பதிவாகும். பேக்கரின் மெல்லிய ட்ரம்பெட் சொற்றொடர் ஒன்று இரண்டாகி, நான்காகி, கடைசியில் ஒரு கூட்டமே ஊதுவதுபோல் ஆகிவிடுகிறது. ஜாஸ் வாசிப்பும் இயந்திரத்தின் நினைவும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட முதல் பதிவுகளில் இதற்கு இடம் உண்டு. பின்னாளில் ரைலி தானே சாக்சஃபோனும் கையுமாக இந்த இரட்டை எந்திர அமைப்போடு உட்கார்ந்து இரவெல்லாம் தனிக் கச்சேரி செய்தார். அங்கே எந்திரம் எதையும் கேட்கவில்லை. ஆனால் ரைலி கேட்டாக வேண்டியிருந்தது. சில நொடிகளுக்கு முன் தான் வாசித்தது திரும்பி வந்து நிற்கும்போது அதற்குப் பொருந்த அடுத்ததை வாசிக்க வேண்டும், தவறாக வாசித்தால் தவறும் திரும்பி வரும்.

மைல்ஸ் டேவிஸின் விஷயம் வேறு மாதிரி. 1969 பிப்ரவரி 18இல் ‘இன் எ சைலன்ட் வே’ பதிவானது. அதே ஆண்டு ஆகஸ்டில், வுட்ஸ்டாக் விழா முடிந்த மறுநாளே, ‘பிச்சஸ் ப்ரூ’ பதிவுகள் நியூயார்க்கில் தொடங்கின. எலக்ட்ரிக் பியானோவும் எலக்ட்ரிக் கிடாரும் புகுந்ததைப் பற்றித்தான் அன்று ரசிகர்கள் சண்டை போட்டார்கள். பெரிய மாற்றம் நடந்ததோ கத்தரிக்கும் மேசையில். தயாரிப்பாளர் டியோ மசேரோ சாக்சஃபோன் வாசிப்பவர், இசையமைப்பாளர், பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸோடு வாசித்தவர். கலைஞர்கள் மணிக்கணக்காகத் தோன்றியபடி வாசித்துவிட்டுப் போவார்கள். மசேரோ நாடாவை வெட்டி ஒட்டி அதற்கு உருவம் கொடுப்பார். ‘இன் எ சைலன்ட் வே’ இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் தொடக்கத்தில் வரும் நான்கு நிமிடத்துக்குச் சற்று கூடுதலான பகுதி கடைசியில் அப்படியே திரும்ப வருகிறது. மறுபடி வாசித்ததல்ல, அதே நாடாவின் நகல். ‘பிச்சஸ் ப்ரூ’வின் முதல் உருப்படியான ‘ஃபேரோஸ் டான்ஸ்’ ஏறத்தாழ 20 வெட்டு ஒட்டுகளால் ஆனது. ஓரிடத்தில் ஒரு நொடி அளவே உள்ள துண்டு விடாமல் அடுத்தடுத்து ஒலிக்கும். எந்த ட்ரம்மரும் அப்படி வாசிக்க மாட்டார். கேட்கிறவருக்கு அந்த இடத்தில் தரை லேசாக நழுவும்.

மசேரோ செய்தது ஏமாற்று வேலை என்று அன்றே சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனோதர்மம் மேடையிலிருந்து மேசைக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். அந்த வழி இன்னும் உயிரோடிருக்கிறது. சிகாகோ ட்ரம்மர் மகாயா மக்ரேவன் 2015இல் வெளியிட்ட ‘இன் த மொமென்ட்’ தொகுப்பு, சிறிய விடுதி ஒன்றில் நடந்த கச்சேரிகளில் பதிவான சுமார் 48 மணி நேர வாசிப்பைக் கணினியில் வெட்டித் தைத்து உருவானது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த முறையில் கலைஞர் வாசித்து முடித்து வீட்டுக்குப் போன பிறகுதான் இயந்திரம் வேலையைத் தொடங்குகிறது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் சந்திப்பதே இல்லை.

சிந்தசைசர் மேடைக்கு வந்த கதையில் சுவாரஸ்யமான மனிதர்கள் நிறைய. அந்த அளவுக்கு இசை உண்டா என்றால் யோசிக்க வேண்டும். ஜாஸ் குழுத் தலைவர் சன் ரா 1950களிலேயே எலக்ட்ரிக் பியானோவைக் கையில் எடுத்தவர். 1969இல் ராபர்ட் மோகின் பட்டறைக்கே போய், பின்னர் மினிமோக் என்று பெயர் வாங்கப்போகும் கருவியின் முன்மாதிரி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். ஜாஸ் பியானோ கலைஞர் பால் ப்ளே, பாடகி அனெட் பீகாக்கோடு சேர்ந்து மோக் சிந்தசைசரை மேடையேற்றினார். அன்றைய கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் கேட்கும். ஒரு ஒலியிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கம்பிகளைப் பிடுங்கி வேறு துளைகளில் செருக வேண்டும். சூடு ஏறினால் சுருதி நழுவும். பாட்டுக்குப் பாட்டு அவையோர் காத்திருப்பார்கள். பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் வேறு வழி பார்த்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து வேலையை விட்டு ஸ்டூடியோ நடத்த வந்த பேட்ரிக் க்ளீசனைச் சிந்தசைசருக்கென்றே குழுவில் சேர்த்துக்கொண்டார். 1973இல் வந்த ‘செக்ஸ்டன்ட்’ தொகுப்பின் முதல் உருப்படி ‘ரெயின் டான்ஸ்’, எந்திரம் தானாக உதிர்க்கும் ஒலித்துளிகளோடு தொடங்குகிறது. பேஸும் ட்ரம்ஸும் அந்தத் துளிகளைப் பிடித்துக்கொண்டு ஏறும் இடம் இன்றும் புதிதாக இருக்கிறது. ஆனால் குழு அந்த ஆண்டே கலைந்தது. அடுத்து வந்த ‘ஹெட் ஹன்டர்ஸ்’ சக்கைபோடு போட்டது, சிந்தசைசர் இன்னொரு கீபோர்டாக அடங்கிப்போனது. அதற்குப் பிறகு வந்த ஃப்யூஷன் இசையின் பெரும்பகுதியில் இயந்திரத்துக்கு ஒலிச்சாயம் பூசும் வேலைதான்.

அதே காலத்தில் லண்டனில் சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். 1965இல் தொடங்கிய ஏஎம்எம் குழுவின் கீத் ரோவும் லூ கேரும் மைக் வெஸ்ட்ப்ரூக்கின் ஜாஸ் குழுவில் வாசித்தவர்கள். ரோ கிடாரை மடியிலிருந்து இறக்கி மேசைமேல் மல்லாக்கப் படுக்க வைத்தார். மேசை விசிறி, கத்தி, சுருள்கம்பி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தந்திகளில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் ஒரு ரேடியோ. கச்சேரியின் நடுவே அதைத் திருகினால் அன்று அந்த நேரத்தில் எந்த நிலையத்தில் என்ன ஓடுகிறதோ அது உள்ளே வரும். செய்தியாக இருக்கலாம், சினிமாப் பாட்டாக இருக்கலாம், வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம். ரேடியோவுக்குக் காது கிடையாது. என்ன வரும் என்று திருகிய ரோவுக்கே தெரியாது. அந்தத் தெரியாமைதான் மற்றவர்களை விழிப்போடு வைத்தது. ரோமில் 1966இல் அமெரிக்கர்கள் சிலர் தொடங்கிய மியூசிகா எலெட்ரானிகா விவாவிலும் இந்தத் துணிச்சல் இருந்தது. அதன் ரிச்சர்ட் டைடல்பாம் ஐரோப்பாவுக்கு மோக் சிந்தசைசரைக் கொண்டுபோனவர். ஆந்தனி ப்ராக்ஸ்டனின் சாக்சஃபோனோடு அவர் செய்த ‘டைம் ஜோன்ஸ்’ (1977) இருவர் வாசிப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு.

இந்த வழியின் கடைசி எல்லைக்குப் போனவர்கள் டோக்கியோக்காரர்கள். தொஷிமாரு நாகமுரா கிடார் வாசிப்பதை விட்டுவிட்டு மிக்சிங் போர்டை மட்டும் எடுத்துக்கொண்டார். பாடகரின் மைக்கும் வாத்தியங்களும் வந்து சேர வேண்டிய துளைகளில் எதையும் செருகவில்லை. அதன் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே திருப்பிச் செருகினார். உள்ளே சுற்றும் மின்சாரம் விசிலாகவும் உறுமலாகவும் வெளியே வரும். குமிழை மயிரிழை திருப்பினாலும் ஒலி வேறு திசைக்குத் தாவிவிடும், நேற்றைய ஒலியை இன்று பிடிக்க முடியாது. சச்சிகோ எம் சாம்ப்ளரில் எந்த ஒலியையும் நிரப்பாமல் அதன் சோதனைச் சுரத்தை மட்டும் ஒலிக்கவிட்டார். இவர்கள் கூடிய ஆஃப் சைட் என்ற இடம் ஒரு பழைய சிறு வீடு. சுவர் மெலிது, பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் செய்வார்கள். அதனால் மிகத் தாழ்ந்த ஒலியில் வாசிக்க வேண்டியிருந்தது, அதுவே பின்னால் ஒரு பாணியாகிவிட்டது. அழகியல் கோட்பாடுகள் எப்படிப் பிறக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இது நினைவில் இருக்கட்டும்.

இனி நேரடியாகக் கேள்விக்கு வருவோம். இயந்திரம் உண்மையிலேயே கேட்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில், கிம்-1 என்ற மலிவான சிறு கணினியோடு. அதன் நினைவகம் ஒரு கிலோபைட்டுக்குச் சற்று மேல். கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் 1977இல் இசையமைப்பாளர் டேவிட் பெர்மன் பதிவு செய்த ‘ஆன் தி அதர் ஓஷன்’ உருப்படியில் புல்லாங்குழலும் பசூனும் தம் விருப்பப்படி வாசிக்கின்றன. குறிப்பிட்ட ஆறு சுரங்களுக்காகக் கணினி காத்திருக்கிறது. அவை எந்த வரிசையில், எப்போது வருகின்றன என்று பார்த்து, பின்னணியில் ஒலிக்கும் சிந்தசைசர்களின் இசைவை மாற்றுகிறது. மாற்றத்தைக் கேட்ட கலைஞர்கள் தங்கள் வாசிப்பை மாற்றுகிறார்கள். எளிய அமைப்பு, கேட்கவும் இதமானது. வட்டம் இங்கே முழுமையாகிறது.

பெர்மனிடமிருந்து கணினியின் ருசி கண்டவர் ஜார்ஜ் லூயிஸ். 1952இல் சிகாகோவில் பிறந்த கருப்பின ட்ராம்போன் கலைஞர். யேல் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். சிகாகோவின் கருப்பினக் கலைஞர்கள் 1965இல் தொடங்கிய ஏஏசிஎம் சங்கத்தில் 1971இல் சேர்ந்தார். 1984இல் பாரிஸின் இர்காம் இசை ஆய்வு நிறுவனத்தில் ‘ரெயின்போ ஃபேமிலி’ என்ற கச்சேரியை நடத்தினார். இசையமைப்பாளர் பியர் பூலே நடத்திய அந்த நிறுவனம் 4எக்ஸ் என்ற பெரிய எந்திரத்தைத் தன் பெருமையாக வைத்திருந்தது. பூலேவுக்கு மனோதர்மத்தின் மேல் பெரிய மரியாதை கிடையாது. அந்தக் கட்டடத்துக்குள் லூயிஸ் கடையில் கிடைக்கும் ஆப்பிள் 2 கணினிகளையும் யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர்களையும் வைத்துக்கொண்டு, கிடார் கலைஞர் டெரெக் பெய்லி, சாக்சஃபோன் கலைஞர் ஸ்டீவ் லேசி போன்றவர்களை உடன் வாசிக்க அழைத்தார். அந்தப் பதிவு இசைத்தட்டாக வெளிவர 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1986 முதல் 1988 வரை ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் மின்னணு இசை மையத்தில் லூயிஸ் உருவாக்கிய ‘வாயேஜர்’ இந்தத் துறையின் மிகப் பெரிய சாதனை என்பது என் கணிப்பு. ஃபோர்த் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. மைக் வழியாக வரும் வாசிப்பைச் சுரங்களாக மாற்றிக்கொள்ளும். வேகம், ஒலியளவு, இடைவெளி, எவ்வளவு நேரம் மௌனம் என்று சராசரிகளைக் கணக்கிடும். உள்ளே 64 ‘வாசிப்பாளர்கள்’ இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தன்போக்கில் இயங்கக்கூடியவர். ஐந்து முதல் ஏழு நொடிக்கு ஒருமுறை நிரல் கூட்டத்தைக் கலைத்துப் போட்டு, யார் யாரோடு சேர்வது, ஏறத்தாழ 150 சுரத்தொகுதிகளில் எதை எடுப்பது, வெளியிலிருந்து வரும் வாசிப்பைப் பொருட்படுத்துவதா வேண்டாமா என்று புதிதாக முடிவெடுக்கும்.

கடைசியில் சொன்னதுதான் முக்கியம். நம் கச்சேரியில் ராக ஆலாபனையின்போது வயலின்காரர் பாடகரை நிழல்போல் பின்தொடர்வதைப் போல, பதிலளிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் பின்தொடரவே எழுதப்பட்டன. வாயேஜர் பின்தொடர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது. எதிரே மனிதர் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு வாசிக்கும். அதை அடக்க பொத்தானோ பெடலோ லூயிஸ் வைக்கவில்லை. அதன் போக்கை மாற்ற வேண்டுமானால் வாசித்துத்தான் மாற்ற வேண்டும், சக கலைஞரிடம் செய்வதுபோல. 2000இல் எழுதிய கட்டுரையில் இந்த வடிவமைப்பின் வேர் ஏஏசிஎம் கலைஞர்களின் நடைமுறையில் இருக்கிறது என்று விளக்கினார். ஒரே மேடையில் பல குரல்கள், பல தாளங்கள், யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. கணினி நிரலுக்கும் ஒரு பண்பாட்டுப் பின்னணி உண்டு என்று அன்று சொன்னவர்கள் குறைவு. மற்றவர்கள் எந்திரம் எல்லாருக்கும் பொதுவானது என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

1993இல் வந்த ‘வாயேஜர்’ இசைத்தட்டில் லூயிஸோடு ராஸ்கோ மிட்செலின் சாக்சஃபோனும் உண்டு. குறையையும் சொல்லிவிடுகிறேன். அதன் செயற்கை ஒலிகள் எண்பதுகளின் வாடையோடு இருக்கின்றன, சில இடங்களில் பொம்மைக்கடைபோல் ஒலிக்கும். பிற்காலத்தில் லூயிஸ் இதைத் தானே வாசிக்கும் யமஹா பியானோவுக்கு மாற்றிய பிறகுதான் அதன் சிந்தனை தெளிவாகக் காதில் விழுந்தது.

இர்காமில் பின்னர் வந்த ஓமேக்ஸ், சோனியின் பாரிஸ் ஆய்வகத்தில் ஃப்ரான்ஸ்வா பாஷே செய்த கன்டினுவேட்டர் ஆகியவை வேறு பாதை பிடித்தன. எதிரே வாசிப்பவரின் பாணியைக் கற்றுக்கொண்டு அவரைப்போலவே தொடர்ந்து வாசிப்பவை அவை. திறமையில் குறையில்லை, முதல் பத்து நிமிடம் வியப்பாகவும் இருக்கும். பிறகு கண்ணாடி முன் பேசிக்கொண்டிருக்கும் அலுப்பு வந்துவிடுகிறது.

எந்திரம் மனிதனைக் கேட்ட கதைக்கு மறுபக்கமும் இருக்கிறது. எந்திரத்தை மனிதன் கேட்டான். 1969இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் ட்ரம்மர் ஜி. சி. கோல்மன் தனியாக வாசித்த நான்கு சுற்றுத் தாளம் சில நொடிகள்தான். சாம்ப்ளர் வந்த பிறகு அந்தத் துண்டை வெட்டி, வேகமாக்கி, சிதைத்து அடுக்கியதில் பிரிட்டனில் ஜங்கிள் என்ற இசை வகையே பிறந்தது. மின்னணு இசைக் கலைஞர் ஸ்க்வேர்புஷர் அதன்மேல் ஜாஸ் பேஸ் கிடாரை ஏற்றினார். கோல்மனுக்கு இதிலிருந்து உரிமைத்தொகை வரவில்லை, 2006இல் வறுமையில் இறந்தார். 2015இல் ரசிகர்கள் திரட்டிக் கொடுத்த 24,000 பவுண்டு, பாட்டின் உரிமையாளரான ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போய்ச் சேர்ந்தது. எந்திர இசையின் புதுமை பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்தக் கணக்கு அபூர்வமாகவே வாசிக்கப்படுகிறது.

டெட்ராய்டில் ஹிப்ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா அகாய் எம்பிசி எந்திரத்தின் தாளத்தைச் சீராக்கும் வசதியை அணைத்துவிட்டு, பொத்தான்களைக் கையாலேயே தட்டிப் பதிவு செய்தார். அடி சற்று முந்தும், சற்றுப் பிந்தும், தாளம் மட்டும் விழாது. ஜாஸ் பள்ளியில் படித்த ட்ரம்மர்கள் அந்தத் தள்ளாட்டத்தைக் கையில் கொண்டுவர ஆண்டுக்கணக்காகச் சாதகம் செய்தார்கள். டில்லாவின் எந்திரம் இன்று வாஷிங்டனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த முந்தல் பிந்தலை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர் விஜய் ஐயர். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன், 1971இல் பிறந்தவர், கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டுப் பியானோவுக்கு வந்தவர். 1998இல் பெர்க்லியில் முடித்த முனைவர் ஆய்வில், தாளத்தின் நுட்பம் மூளைக் கணக்கில் மட்டும் இல்லை, வாசிக்கும் உடம்பில் இருக்கிறது என்று வாதிட்டார். சில மில்லி நொடிகளின் ஏற்ற இறக்கத்தில்தான் உணர்ச்சி உட்கார்ந்திருக்கிறது என்பது அதன் சாரம். அந்த ஆய்வுக்குப் பதிலை அவர் மேடையில் தேடினார். அவருடைய மூவர் குழு 2012இல் ‘ஆக்சிலராண்டோ’ தொகுப்பில் ஃப்ளையிங் லோட்டஸின் கணினி இசையைப் பியானோ, பேஸ், ட்ரம்ஸில் வாசித்தது. 2015இல் வந்த ‘ப்ரேக் ஸ்டஃப்’ தொகுப்பின் ‘ஹூட்’, டெட்ராய்ட் டெக்னோவின் ராபர்ட் ஹூடுக்குக் காணிக்கை. பிளக் பாயின்ட்டே தேவைப்படாத மூன்று வாத்தியங்கள், கேட்பதோ எந்திரத்தின் சிந்தனை. சிந்தசைசர் வைத்திருக்கும் பல குழுக்களைவிட இதில் எந்திரத்தோடு உரையாடல் ஆழமாக நடந்திருக்கிறது.

ஐரோப்பாவில் நடந்தவற்றில் மூன்றைச் சொல்லியாக வேண்டும். சாக்சஃபோன் கலைஞர் இவன் பார்க்கரின் எலக்ட்ரோ அக்கூஸ்டிக் குழுவில் வாத்தியக்காரர்களுக்குச் சமமாக ஒலிமாற்றுபவர்களும் உட்கார்ந்தார்கள். சாக்சஃபோன் ஊதி முடிப்பதற்குள் அதன் ஒலி வேறு உருவில் ஸ்பீக்கரிலிருந்து திரும்பும். நார்வேயின் கிறிஸ்டியான்சாண்ட் நகரில் 2005இல் தொடங்கிய பங்க்ட் விழாவிலோ, ஒரு கச்சேரி முடிந்ததுமே அதன் பதிவை வைத்து இன்னொரு அறையில் நேரடியாக மறுஆக்கம் செய்கிறார்கள். அதே நாட்டின் சூப்பர்சைலன்ட் குழு ஒத்திகை பார்ப்பதில்லை, வாசித்ததைப் பற்றிப் பேசிக்கொள்வதுமில்லை, உருப்படிகளுக்குப் பெயருக்குப் பதில் எண்தான்.

2021இல் வந்த ‘ப்ராமிசஸ்’ இந்தத் துறையில் அதிகம் பேர் கேட்ட தொகுப்பாக இருக்கக்கூடும். நரம்பியல் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற சாம் ஷெப்பர்ட், அதாவது ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ், ஒரு சிறு சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறார். எண்பது வயது ஃபேரோ சாண்டர்ஸ் அதன்மேல் சாக்சஃபோன் வாசிக்கிறார், லண்டன் சிம்ஃபனி இசைக்குழு சூழ்ந்து வருகிறது. அழகு என்பதில் சந்தேகமில்லை. சாண்டர்ஸ் அடுத்த ஆண்டே மறைந்தார். ஆனால் இங்கே காது கொடுப்பது முழுக்க அந்தக் கிழவர்தான். சுரக்கோவை அவர் என்ன வாசித்தாலும் தன்பாட்டுக்குத் திரும்பி வரும்.

ஒரு வரி தட்டினால் முழுப் பாட்டையே கொட்டும் இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களைப் பற்றிக் கேட்பார்கள். ஜாஸ் பாணியில் வேண்டும் என்றால் அதையும் தரும். அது பதிவுகளை விழுங்கிச் செரித்த எந்திரம், வாசிப்பின் நடுவில் யாரையும் கேட்கும் எந்திரம் அல்ல. இந்த ஒரு விஷயத்தில் ஒரு கிலோபைட் நினைவகத்தோடு இருந்த கிம்-1 அதைவிட முன்னால் நிற்கிறது.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் ‘ப்ராமிசஸ்’ தொகுப்பிலிருந்து ஆரம்பிக்கலாம், காது வசப்படும். அங்கேயே நின்றுவிடாமல் 1993ஆம் ஆண்டு ‘வாயேஜர்’ இசைத்தட்டைத் தேடி எடுங்கள். எது மனிதர், எது கணினி என்று பிரித்துப் பார்க்கும் ஆசை வரும். அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். மிட்செல் எந்த இடங்களில் வாசிப்பதை நிறுத்திக்கொள்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.